அண்டிப்பருப்பு யாரிடம் வாங்குவது? நாலு வழி, ஒரு கம்பெனியின் கணக்கு

மார்த்தாண்டத்தில் எங்களுடையது சின்னக் கம்பெனி. முந்திரிப் பருப்பை (எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டை என்றால் அண்டி) வாங்கி, வறுத்து, உப்பும் மிளகும் போட்டு, டப்பாவிலும் பவுச்சிலும் அடைத்து விற்கிறோம். சென்னை ஸ்வீட் கடைகளுக்கு மொத்தமாகவும் போகும். ஜெர்மனிக்காரர் ஒருவரும் வாங்குகிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவரிடமிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. கொட்டை எந்த நாட்டில் விளைந்தது, உடைத்தது யார், அவர்களுக்குக் கூலி எப்படிக் கணக்காகிறது, தோடு (கொட்டையின் ஓடு) எங்கே போகிறது என்று நாற்பது கேள்விக்கு மேல் இருந்தது. கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் வரை மளமளவென்று எழுதிவிட்டேன். அதற்கப்புறம் பேனா ஓடவில்லை. இத்தனை வருடம் பருப்பின் நிறத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து வாங்கியிருக்கிறேனே தவிர, அதை உடைத்த கையைப் பார்த்ததில்லை.

அவர் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் 2023 முதல் சப்ளை செயின் சட்டம் ஒன்று நடப்பில் இருக்கிறது, சரக்கு வரும் வழியில் தொழிலாளிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று கம்பெனி பார்க்க வேண்டும் என்று. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு வந்தது, 2024 முதல் 1,000 பேர் உள்ள கம்பெனிகளுக்கும் வந்துவிட்டது. சட்டம் நம்மை நேராகத் தொடாது. ஆனால் அங்கே பெரிய கடை தனக்குச் சரக்குக் கொடுப்பவரைக் கேட்கும், அவர் நம்மைக் கேட்பார், கேள்வி அப்படியே இறங்கி களியக்காவிளை வரை வந்துவிடும். இங்கேயும் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, அதன் முதல் 1,000 கம்பெனிகளுக்குச் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையை 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அவர்களுக்குச் சரக்குப் போடுகிறவர்களிடமும் கேள்வி வரும்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம்மூரில் நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஐரோப்பாவின் காடழிப்பு விதியில் முந்திரி கிடையாது. அதில் இருப்பது மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்துச் சரக்கு இல்லை என்று காட்ட வேண்டிய கவலை, குலசேகரம் பக்கத்து ரப்பர்காரர்களோடது. முந்திரிக்காரனின் கவலை கைகளைப் பற்றியது.

சரி, வழிகள். புரோக்கர் மூலம் பருப்பாகவே வாங்கலாம். ஆப்பிரிக்கக் கொட்டையை நாமே இறக்கிக் கூலிக்கு உடைத்து வாங்கலாம். சான்றிதழ் உள்ள சரக்கு மட்டும் வாங்கலாம். இல்லையென்றால் பக்கத்து ஆபீஸ்கள் (முந்திரி உடைக்கும் ஆலைகள்) இரண்டு மூன்றோடு வருட ஒப்பந்தம் போடலாம். நாங்கள் நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்துவிட்டோம். என் மனசு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

புரோக்கர் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் விலை வரும். டபிள்யூ 320 இன்றைக்கு இவ்வளவு, 240 இவ்வளவு என்று. (ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நின்றால் அது 320. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது.) மதியம் பணம் போட்டால் மறுநாள் டின் வந்துவிடும். கையிருப்பு வேண்டாம், வங்கிக் கடன் வேண்டாம். ஆனால் அந்த டின்னுக்குள் கொல்லம் இருக்கலாம், பண்ருட்டி இருக்கலாம், ஆந்திரத்துப் பலாசா இருக்கலாம், மூன்றும் கலந்தும் இருக்கலாம். கேட்டால் புரோக்கர் சிரிப்பார். அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை. கேள்வித்தாளின் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட இந்த வழியில் முடியவே முடியாது. அவசரத்துக்கு மட்டும் இதை வைத்திருக்கிறோம்.

கொட்டையை நாமே இறக்குவது கேட்க நன்றாக இருக்கும். எந்த நாடு, எந்தத் துறைமுகம், எந்தப் பருவம் என்று எல்லாம் காகிதத்தில் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அறுவடை, தான்சானியாவில் அக்டோபரில் தொடங்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் தூத்துக்குடிக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நாற்பது அடி கண்டெய்னரில் ஏறத்தாழ 25 டன், அதாவது 80 கிலோ சாக்கு முந்நூற்றுப் பத்து சொச்சம். கொட்டையின் தரத்தை இந்தத் தொழிலில் அவுட்டர்ன் என்பார்கள். ஒரு சாக்கில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்கிற கணக்கு அது. 48 என்று எழுதியிருந்தால் சாக்குக்கு 21.8 கிலோ. வந்து இறங்கியதை வெட்டிப் பார்க்கும்போது 47 என்றால், ஒரு பவுண்டுதானே என்று தோன்றும். கண்டெய்னருக்குப் பெருக்கினால் 140 கிலோ பருப்பு காணாமல் போயிருக்கும். அதை யாரிடம் கேட்பது? அபிஜானில் இருக்கிற ஏஜெண்டிடமா?

அதோடு அரசுகளின் முடிவு ஒன்று இருக்கிறது. 2018 நவம்பரில் தான்சானியாவில் வியாபாரிகள் சொன்ன விலை குறைவு என்று அதிபர் மகுஃபுலி மொத்த விளைச்சலையும் அரசே வாங்கும் என்று அறிவித்து ராணுவத்தை இறக்கினார். பெனின் நாடு 2024 ஏப்ரலிலிருந்து பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்குத் தடை அறிவித்தது, உள்ளூரிலேயே உடைக்க வேண்டும் என்று. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான ஆசைதான். நம்முடைய ஆபீஸ்களில் நடக்கிற வேலை அவர்கள் ஊரில் நடக்கட்டுமே என்கிறார்கள். ஆனால் ஒரு கண்டெய்னருக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தவனுக்கு அந்த நியாயம் உறைக்காது. சரி, உள்நாட்டுக் கொட்டைக்குப் போகலாம் என்றால் அதுவும் காற்றையும் மழையையும் நம்பித்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. ஒட்டுச்செடி வைத்தாலும் உருப்படியான காய்ப்புக்கு மூன்று நான்கு வருடம் ஆகும். நம் மாவட்டத்தில் கொல்லாமா (முந்திரி மரம்) நின்ற மேட்டு நிலம் பலவும் ரப்பராகிவிட்டது, வீட்டுப் புரையிடத்தில் ஒன்றிரண்டு மரம் நிற்பதோடு சரி.

இதைவிடப் பெரிய குறை வேறு. கொட்டை நம்முடையது, ஆபீஸ் வேறொருவருடையது, உடைப்புக்குக் கிலோக் கூலி என்று பேசினால் நாம் பேரம் பேசுவது நேரடியாகத் தொழிலாளியின் கூலியில். கொட்டை விலை ஏறினால் குறைக்க மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். எந்த நாட்டுக் கொட்டை என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது, கூலிக் கேள்வி இன்னும் மோசமாகிவிட்டது. ஒரே ஒரு கண்டெய்னரோடு நிறுத்திக்கொண்டோம்.

சான்றிதழ். இதில் நம் ஆட்களுக்கு இருக்கிற மயக்கம் என்னவென்றால், எல்லாச் சான்றிதழும் எல்லாவற்றுக்கும் சாட்சி என்று நினைப்பது. ஆர்கானிக் முத்திரை தோட்டத்தைப் பற்றிப் பேசும், உடைத்த பெண்ணைப் பற்றிப் பேசாது. தோட்டம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்ததன் விளைவை நாம் எல்லோரும் பார்த்தோம், 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை போடும் வரை அந்த மருந்து இந்தியாவில் இருந்தது. ஐஎஸ்ஓ 22000 போன்றவை உணவுப் பாதுகாப்பு, அதாவது பருப்பில் கல்லும் பூஞ்சையும் இருக்கிறதா என்பது. ஃபேர்டிரேட் முதலில் பார்ப்பது விவசாயியின் விலையை. வேலை நிலைமைக்கு என்று இருக்கிற எஸ்ஏ 8000 நல்ல தரநிலை, ஆனால் நம் பக்கத்துச் சின்ன ஆபீஸுக்கு அந்தச் செலவு தாங்காது. செடெக்ஸ் முறையில் நடப்பது சான்றிதழே இல்லை, ஒருநாள் இரண்டுநாள் ஆடிட், அவ்வளவுதான்.

அந்த ஆடிட் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. உடைக்கும் பகுதியில் எல்லோர் கையிலும் புத்தம்புது கையுறை இருக்கும். போட்டோ எடுப்பார்கள். மறுநாள் ஒரு கையிலும் இருக்காது. மேஸ்திரி மிரட்டிக் கழற்றச் சொல்வதில்லை, அவர்களாகவே கழற்றிவிடுவார்கள். கையுறையோடு உடைத்தால் கை மந்தமாகும், கிலோக் கூலியில் அன்றைய காசு குறையும். அதனால் தேங்காய் எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு வெறுங்கையால் உடைக்கிறார்கள். கையுறை வாங்கிக் கொடுத்தால் போதாது, கையுறை போட்ட கையின் வேகத்துக்குக் கூலியைத் திருப்பிப் போட வேண்டும். எந்த ஆடிட் தாளிலும் அந்தக் கட்டத்தை நான் பார்த்ததில்லை.

இனி பக்கத்து ஆபீஸ்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் முந்திரி ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். "அவ எங்க வேல பாக்கா?" என்று கேட்டு "ஆபீஸ்ல" என்று பதில் வந்தால் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடக் கூடாது. கருங்கல், புதுக்கடை, அருமனை என்று எங்கள் இடத்திலிருந்து பைக்கில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம். இந்த ஆபீஸ்களில் பலவும் இங்கே வந்த கதையே இந்தக் கட்டுரையின் விஷயம்தான். 1956 நவம்பர் 1-ல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கொல்லத்தில் குறைந்தபட்சக் கூலியும் சங்கமும் கறாரானபோது, முதலாளிகளில் பலர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் கூரை போட்டார்கள். கூலி குறைந்த இடத்தைத் தேடி ஓடி வந்த தொழில். இன்றைக்கு நாம் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் குறைந்த இடத்துக்கு ஓடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, தொழிலாளிகளுக்கும்தான்.

நாங்கள் முதலில் நாலு ஆபீஸ் பார்த்தோம். நான் போனதும் பார்ப்பது தராசு. கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவேன். பேச்சோடு பேச்சாகத் தொழிலாளிகளுக்கு நிறுக்கும் தராசில் அதை வைத்துப் பார்ப்பேன். ஓர் இடத்தில் 940 காட்டியது. அந்த ஆபீஸோடு பேச்சு அங்கேயே முடிந்தது. கிலோக் கூலியில் திருட்டு பெரும்பாலும் கூலி அட்டையில் நடக்காது, தராசில் நடக்கும். உடைந்த பருப்பைக் கழித்துவிட்டு முழுப்பருப்புக்கு மட்டும் கூலி போடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. கொட்டை ஈரமாக இருந்தாலோ பழசாக இருந்தாலோ எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் உடையத்தான் செய்யும், அதற்குத் தொழிலாளி ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இரண்டாவது ஆபீஸில் வாசலில் கைரேகை மெஷின் ஒன்று இருந்தது. வேறொரு வாடிக்கையாளரின் ஆடிட்டர் சொல்லி மாட்டியதாம். உடைப்புப் பகுதியில் இருந்த ஒரு பெரியம்மாவிடம் மெஷின் நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்டேன். கையை மடியில் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, நுனி தேய்ந்துபோன காலணா மாதிரி வழவழவென்று இருந்தன.

"எனக்க வெரல்ல ரேகை எங்க மோனே இருக்கு? எல்லாம் அண்டிக்கறை தின்னாச்சு. ரேசன் கடையிலயும் இதே பாடுதான்."

தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் அது. தோலைப் பொசுக்கும் அமிலம் அதில் பெரும்பங்கு. வருடக்கணக்கில் விரலில் பட்டுப் பட்டு ரேகையே அழிந்துவிடுகிறது. மெஷின் கணக்கில் அந்த அம்மா மாதத்தில் பாதி நாள் வேலைக்கே வரவில்லை. கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே ஒரு நோட்டில் பெயர் எழுதி வைத்திருந்ததால் கூலி தப்பியது. மெஷின் கணக்கையே இஎஸ்ஐக்கு (தொழிலாளர் காப்பீட்டுக்கு) அனுப்பியிருந்தால் விஷயம் வேறு. ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா இருந்தால்தான் நோய்க்கால உதவி கிடைக்கும். முப்பது வருடம் அண்டி உடைத்த அடையாளமே, அண்டி உடைக்க வரவில்லை என்பதற்குச் சாட்சியாகியிருக்கும். ஆடிட்டருக்குப் போனது மெஷின் கணக்கு. எங்களுக்கு நோட்டு போதும் என்று சொல்லிவிட்டோம்.

அந்த 78 நாள் இன்னொரு விதத்திலும் எங்களைச் சுட்டது. கொட்டை இல்லாவிட்டால் ஆபீஸ் பூட்டிவிடும். கொட்டை வாங்கக் காசு இல்லாததற்குக் காரணம் பருப்பு வாங்கினவன் பணம் தராதது. பருப்பு வாங்கினவன் யார்? நாங்கள்தான். அறுபது நாள் கடன், சில சமயம் தொண்ணூறு. எம்எஸ்எம்இ சட்டப்படி பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், 2023-24 கணக்கிலிருந்து அப்படிக் கொடுக்காத தொகையை வருமான வரியில் அந்த வருடச் செலவாகக் காட்டவும் முடியாது. எங்கள் ஆடிட்டர் சொல்லித்தான் இதைக் கவனித்தேன். கேள்வித்தாளில் ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று நாற்பது கேள்வி இருந்ததே, நீங்கள் எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு ஆர்டர் போட்டோம். சரக்கு சொன்ன தேதிக்கு வந்தது, எனக்கும் பெருமை. அந்த சனிக்கிழமை சாயங்காலம் கருங்கல் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டியும் யூனிஃபார்ம் மாற்றாத இரண்டு பிள்ளைகளும் முறத்தில் பருப்பு வைத்துத் தொலி உரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மூங்கில் சீவலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த சாக்கில் என் கையெழுத்தில் எங்கள் லாட் நம்பர். ஆபீஸுக்குள் ஆள் போதாமல் வேலையை வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொல்லம் பக்கத்தில் வீட்டில் வைத்து வறுத்து உடைப்பதற்குக் குடிவறுப்பு என்றே பெயர் உண்டு. மறுநாள் ஆபீஸ்காரரிடம் சத்தம் போடப் போனேன். அவர் திருப்பிக் கேட்டார்: "மூணு வாரத்தில இவ்வளவு வேணும்னு நீங்க சொல்லும்போது, எங்க வச்சு உரிப்பேன்னு நெனச்சிய?" பதில் இல்லை.

ஆகவே எங்கள் ஒப்பந்தத்தில் ஆபீஸ்காரர் செய்ய வேண்டியவை பாதி, நாங்கள் செய்ய வேண்டியவை பாதி. பன்னிரண்டு மாதமும் குறைந்தது இவ்வளவு எடுப்போம், மழைக்காலத்தில் விற்பனை விழுந்தாலும் எடுப்போம். பணம் 15 நாளில். விலையை ஒரே தொகையாகப் பேசுவதில்லை. கொட்டை விலை ஒரு வரி, உடைப்பும் தொலியும் தரம் பிரிப்பும் இன்னொரு வரி. முதல் வரி சந்தையோடு ஏறி இறங்கும், இரண்டாவது வரி இறங்காது. அவர் பக்கத்தில், வீட்டுக்கு வேலை அனுப்பக் கூடாது, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாருடைய நாளும் போகக் கூடாது, தராசு எங்கள் உப்புப் பாக்கெட்டுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் எங்களுக்குக் கூடுதலாக ஆனது, புரோக்கர் விலையோடு ஒப்பிட்டால், கிலோவுக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. உடைசல் குறைந்ததில் அதில் பாதி திரும்பி வந்தது. வருடம் முழுக்க ஒரே ஆட்கள் உடைக்கும்போது கை பழகிவிடுகிறது.

ஒப்பந்தம் போட்ட மூன்றில் இரண்டு ஆபீஸ்கள் நீராவி முறை. கொட்டையை அவித்து, ஆற வைத்து, கையும் காலும் சேர்த்து இயக்கும் கட்டரில் வெட்டுகிறார்கள். மூன்றாவது இன்னும் டிரம்மில் சுட்டு, கட்டையால் தட்டி உடைக்கிற பழைய தல்லு. சுட்ட பருப்பின் மணமே தனி என்று எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சொல்வார்கள், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் டிரம் சுற்றும்போது எழும் புகையில் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி போட முடியாது, கண்ணும் தொண்டையும் எரியும். செலவுக் கணக்கும் நீராவி பக்கம்தான். தோட்டில் எண்ணெய் அப்படியே தங்குவதால் தோட்டை எண்ணெய் மில்லுக்கு விற்கலாம், அது பெயிண்ட், ரெசின், வண்டி பிரேக் லைனிங் வரை போகிறது. டிரம்மில் அந்த எண்ணெயில் ஒரு பங்கு புகையாகிவிடும். பாய்லருக்கும் கட்டருக்கும் முன்பணம் கொடுத்து, பருப்பில் கழித்துக்கொள்ளலாமா என்று மூன்றாவது ஆபீஸோடு பேச்சு நடக்கிறது. அவர் தயங்குகிறார். டிரம்மை நிறுத்தினால் சுடுகிற இரண்டு ஆட்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்கிறார். நியாயமான தயக்கம்.

இந்த வழியின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். கையைப் பார்த்துவிட்டோம், மரத்தைப் பார்க்கவில்லை. ஆபீஸ்காரர் தூத்துக்குடியில் இறக்குமதியாளரிடம் வாங்குகிறார், சாக்கில் நாட்டின் பெயர் இருக்கும், கிராமத்தின் பெயர் இருக்காது. அதற்காக ஒரு பங்கைத் தனியாக வைத்திருக்கிறோம். நூறு கிலோவில் எழுபத்தைந்து ஒப்பந்த ஆபீஸ்களிலிருந்து, பதினைந்து தோட்டம் வரை தடம் தெரிகிற ஆர்கானிக் சரக்கு, அதையும் நம் ஆபீஸிலேயே உடைக்கக் கொடுக்கிறோம். மீதிப் பத்து புரோக்கர். ஏற்றுமதி இல்லாத, வருடத்தில் ஐந்தாறு டன்னுக்குள் வாங்குகிற கம்பெனி என்றால் ஒரே ஆபீஸோடு பேசினாலே போதும், ஆர்கானிக் பங்கு தேவைப்படாது. ஒரே நாளில் ஒரு டன் கேட்கிற பெரிய ஸ்வீட் கடை வாடிக்கையாளர் இருக்கிறார் என்றால் புரோக்கரை முழுதாக விடவும் முடியாது.

கேள்வித்தாளைப் போன மாதம் மறுபடி அனுப்பினோம். விவசாயியின் கிராமம் என்ற கட்டத்தில், ஆர்கானிக் அல்லாத பங்குக்கெல்லாம் "தெரியாது" என்றே எழுதியிருக்கிறேன். ஜெர்மனிக்காரர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கைரேகை மெஷின் ஏன் இல்லை என்று மட்டும் கேட்டார். நீளமாக ஒரு பதில் எழுதினேன். இந்த வருடத் தீபாவளி ஆர்டர் ஆடி பிறந்த வாரமே ஆபீஸ்களுக்குப் போய்விட்டது. பெட்டி டிசைன்தான் இன்னும் முடிவாகவில்லை.